நல்லரத்தினம் தாழ்த்திய ஏழு கல்

என் மச்சான், தங்கையின் புருஷன் நல்லரத்தினம், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தூணடிமுனை என்ற சின்ன ஊரில் இறால் பிடித்துச் சீவித்தவர். ஒரு தோணி, இரண்டு வலை, இடது காலில் கெளுத்தி முள் ஏறிய தழும்பு, இவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி. மெதுவாகக் கதைப்பார். அவர் ஒரு வசனத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் கேட்கிறவரின் தேநீர் ஆறிவிடும். நானோ நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருஷம் படம் வரைந்தவன். அளவு, கோடு, திசை என்றே என் காலம் போனது. எங்கள் இரண்டு பேரில் யார் சொல்வது சரியாக இருக்கும் என்று ஊரில் எவரைக் கேட்டாலும் என்னைத்தான் காட்டுவார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எப்படிக் கெட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத வெட்கமாக இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஊருக்குப் பெயர் வந்ததே தூண்களால்தான். வாவிக்கரையில் ஒரு பெரிய புளியமரம். அதன் அடியில் ஏழு உடைந்த கல்தூண் துண்டுகள். செதுக்கியவர் யார், எந்தக் கட்டடத்துக்காகச் செதுக்கினார், ஒருவருக்கும் தெரியாது. சிலதில் தாமரை, சிலதில் கொடி, ஒன்றில் தலை போன பறவை. எல்லாவற்றிலும் பெரியதில் ஒரு பெண். இடுப்பில் குடத்தை அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் மரக்கிளை ஒன்றைப் பிடித்தபடி நிற்பாள். எங்கள் ஊர்ப் பெண்கள் அவளைக் 'குடத்தாள்' என்பார்கள்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் விடியலில் அந்தக் கற்களுக்கு முன்னால் ஊர் கூடி, புக்கை என்று நாங்கள் சொல்லும் பொங்கற்சோறு பொங்கும். முதற்பானை வைக்கும் உரிமை எங்கள் குடிக்கு. எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. ஆகவே உரிமை என் அம்மாவிடம் இருந்து, என் தங்கை இலட்சுமிப்பிள்ளைக்குக் கலியாணமாகி நாலு வருஷத்தில், அவளுக்கு வந்தது. பானை பொங்கி வழியும்போது, கோயில் காரியங்களுக்குப் பொறுப்பான வண்ணக்கர் உரத்த குரலில் "இது ஆர்ர பானை?" என்று கேட்பார். பானை வைத்தவள் தன் குடியின் பெயரைச் சொல்ல வேண்டும். வேறு பெயர் எதுவும் அங்கே சொல்லப்படுவதில்லை. கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த ஆணுக்கு விறகு தள்ளுகிற வேலை மட்டும்தான். நல்லரத்தினம் பதினொரு வருஷம் விறகு தள்ளினார். தள்ளிக்கொண்டே பானையைப் பார்ப்பார், ஏனென்றால் உலகத்தில் அவருக்குப் புக்கையைப் போலப் பிடித்தது எதுவும் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை மறுபடியும் தொடங்கியது. ஊர் முழுவதும் தோணி ஏறிக் கிழக்கே எழுவான்கரைக்குப் போனது. பெண்டு பிள்ளைகளைப் பெரியகல்லாற்றில் எங்கள் உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, நல்லரத்தினம் மட்டும் திரும்பிப் போனார். மூன்றாம் நாள் வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

வழியெல்லாம் படையாட்கள் பாதைக்குக் கல் நிரப்புகிறார்கள், பக்கத்து ஊரில் பழைய மதகுக் கல்லைக்கூட விடவில்லை என்று கேள்விப்பட்டாராம். தூண்களும் போய்விடும் என்று பயந்து, பனங்குற்றிகளை அடியில் கொடுத்து உருட்டி, ஒவ்வொன்றாகத் தோணியில் ஏற்றி, ஏழு கல்லையும் வாவிக்குள் தாழ்த்திவிட்டாராம். தங்கை கேட்ட முதல் கேள்வி, யார் பார்த்தது என்பது. ஒருவரும் பார்க்கவில்லை என்றார். ஏன் ஒருவரையும் கூட்டிப் போகவில்லை என்று கேட்டாள்.

"தெரிஞ்ச ஆளைத்தானே பிடிச்சு அடிப்பாங்க," என்றார் அவர். "எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

நல்ல பதில்தான். ஆனால் அடுத்த மாதமே அவரிடம் புது நைலோன் வலை ஒன்று வந்தது. உறவுக்காரர் ஒருவர் கொடுத்தது அது. ஊர் வாய்க்கு அது போதுமா? கல்லை யாரோ லொறிக்காரனுக்குக் கொடுத்துவிட்டு வலை வாங்கினான் என்று கதை கிளம்பியது. அந்தக் கதை தங்கையின் காதுக்கும் வந்தது. அவள் சண்டை பிடிக்கவில்லை. நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. "கல்லைக் கொண்டாங்க, மறுகாக் கதைப்பம்," என்று ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் அவள் வீட்டு அடுப்பில் புக்கை வேகவில்லை. தைப்பொங்கலுக்கும் இல்லை.

இதைத் தவிர நல்லரத்தினத்துக்குப் பெரிய குறை எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பெரியகல்லாற்றில் தகரக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டார். வெடிச்சத்தம் இல்லாத நாட்களில் வாவிக்குப் போனார்; இருந்த நாட்களில் கிழிந்த வலை பொத்தினார். மகளைப் படிப்பித்து அங்கேயே கட்டிக் கொடுத்தார். பேரப்பிள்ளைக்கு இறால் உரித்துக் கொடுப்பதில் ஒரு பின்னேரம் முழுவதையும் செலவழிப்பார். பொங்கல் நாளில் மட்டும் ஏதாவது சாட்டுச் சொல்லி பஸ் ஏறி நகரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வருவார். என் மனைவி வைக்கும் புக்கையை, தங்கைக்குத் தெரியாமல், குசினி மூலையில் இருந்து தின்பார். முடித்ததும் வாயைக் கழுவி, சட்டையையும் மணந்து பார்த்துக்கொண்டு போவார். நான் பகிடி பண்ணினால் கோபிக்கமாட்டார்.

"கல்லு அங்கதான் கிடக்கு மச்சான்," என்பார். "தண்ணி என்ன செய்யப்போகுது?"

அவர் கவலைப்படாததற்குக் காரணம் இருந்தது. வாவியில் தொழில் செய்கிறவர்கள் தண்ணீரில் ஓர் இடத்தை அடையாளம் வைக்கும் முறை ஒன்று உண்டு. கரையில் ஒரு பொருளைப் பிடித்து, அதற்குப் பின்னால் தூரத்தில் இன்னொன்றைப் பிடித்து, இரண்டும் ஒன்றை ஒன்று மறைக்கிற மாதிரித் தோணியை நிறுத்துவார்கள். கற்களைத் தாழ்த்தும்போது, கரையில் நின்ற புளியமரம் மேற்கே தெரிகிற மலையின் பிளவைச் சரியாக மறைத்தது. அந்தக் கோட்டிலேயே கரையிலிருந்து நாற்பது முறை கம்பு ஊன்றித் தள்ளிப் போன இடம். பத்து வருஷம் கழித்தும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பார்.

போகலாம்தான், புளியமரம் நின்றிருந்தால்.

சண்டை ஓய்ந்து, இரண்டாயிரத்து மூன்று மாசியில் சனம் ஊருக்குத் திரும்பியது. தூணடிமுனையில் முகாம் ஒன்று இருந்து போயிருந்தது. மரங்கள் எல்லாம் பதுங்குகுழிக்குப் போய்விட்டன. கரையை மண்ணால் நிரவியிருந்தார்கள். பழைய பாதை இல்லை, புளியமரத்தின் அடிக்கட்டைகூட இல்லை. மிஞ்சியிருந்தது தண்ணீர் விளிம்பில் இருந்த தட்டைப் பாறை மட்டும்தான். மரம் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் நின்றது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். எந்தப் பக்கம் என்பதில்தான் அடிபாடு. நாலு பேர் வடக்கு என்றார்கள். நல்லரத்தினம் தெற்கு என்றார்; எத்தனை முழம் தெற்கே என்று கேட்டால் அவரிடம் கணக்கு இல்லை. தங்கையைக் கேட்டால், "நான் அங்க போனா அடுப்பையும் கல்லையும் பார்ப்பனா, மரத்தைப் பார்ப்பனா?" என்றாள். கல் இல்லாத இடத்தில் கால் வைக்கமாட்டேன் என்று அவள் கரைப்பக்கமே போகவில்லை.

இதற்கிடையில் வண்ணக்கர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கல் இல்லை என்றால் கல்லின் பேரில் உரிமையும் இல்லை. இந்த ஆவணிக்குள் தூண்கள் கரையேறாவிட்டால், அந்த இடத்தில் புதிதாக ஒரு சூலம் நாட்டி, முதற்பானையை வேறு குடிக்குக் கொடுப்பது என்றார். அவரைக் குறை சொல்ல ஏலாது. ஊர் திரும்பியிருக்கிறது, பொங்காமல் இருக்க முடியுமா? தங்கை அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கிணற்றடியில் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அப்போதுதான் நான் படத்தோடு வந்து இறங்கினேன்.

நகரத்தில் ஒரு பறங்கிக் குடும்பத்தின் பழைய அல்பத்தில் அதைக் கண்டேன். நூற்று முப்பது வருஷம் இருக்கும் என்றார்கள். புகைப்படம் என்ற ஒன்று எங்கள் பக்கம் எட்டிப்பார்த்த காலம். எடுத்தவர் பெயர் இல்லை. மங்கிய தவிட்டு நிறம். நடுவில் தூண்துண்டுகள், பாதி மணலில் புதைந்தபடி. தாமரை தெரிகிறது, பறவை தெரிகிறது, குடத்தாள் முன்னால் தெளிவாக நிற்கிறாள். அவர்களுக்குப் பின்னால் புளியமரம். ஓரத்தில் அந்தத் தட்டைப் பாறை. தண்ணீரில் நின்று மேற்கே பார்த்து எடுத்திருக்கிறார்கள். வானம் வெறும் வெள்ளை, மலை படத்தில் விழவில்லை. விழுந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

காத்தான்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஹலீமிடம் கொடுத்துப் பெரிதாகப் பிரதி எடுத்தேன். அளவுகோலை வைத்தேன். தூண்களின் நீளம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து மற்றத் தூரங்களைக் கணக்குப் பண்ணினேன். படத்தில் மரம் பாறைக்கு வலப்பக்கம். மேற்கே பார்க்கும்போது வலப்பக்கம் வடக்கு. பாறையிலிருந்து வடக்கே அறுபது முழம். ஊரார் முன்னால் படத்தை விரித்து, இனி ஒருவரும் வாய் திறக்கத் தேவையில்லை, மனிதன் மறப்பான், படம் மறக்காது என்று சொன்னேன். அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

நல்லரத்தினம் படத்தை நெடுநேரம் பார்த்தார். கடைசியில், "அப்ப நான்தான் பிழைபோல," என்றார்.

வைகாசிக் கடைசியில் தொடங்கி ஏழு கிழமை வடக்கே தேடினார். கழுத்தளவு தண்ணீர், முழங்காலளவு சேறு. காலால் துழாவுவார், மூழ்கிக் கையால் துழாவுவார். ஓட்டை வாளி ஒன்று வந்தது. துருப்பிடித்த சைக்கிள் வளையம் வந்தது. ஒற்றைச் சப்பாத்து ஒன்று வந்தது. அதை மட்டும் அவர் ஒருவருக்கும் காட்டாமல் திரும்பத் தண்ணீரில் போட்டார். கல் வரவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் இருமல் பிடித்துக்கொண்டது. கரையில் நின்றவர்கள் முதலில் பகிடி பண்ணினார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். நான் குடை பிடித்தபடி கரையில் நின்று, இன்னும் கொஞ்சம் வடக்கே, இன்னும் கொஞ்சம் வெளியே என்று கை காட்டிக்கொண்டிருந்தேன். ஆவணிக்கு இரண்டு கிழமை இருந்தபோது, ஒரு நாள் மத்தியானம் தோணியை இழுத்துக் கட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"மச்சான், நான் தாழ்த்தினனான்தானே?" என்று கேட்டார். "எனக்கே இப்ப ஐமிச்சமா இரிக்கி."

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. பதின்மூன்று வருஷம் ஊர் நம்பாமல் இருந்தும் சிரித்துக்கொண்டு திரிந்த மனிதர். நான் ஒரு காகிதத்தை விரித்து, அவரே தன்னை நம்பாதபடி செய்துவிட்டேன்.

இரவு நித்திரை வரவில்லை. காலையில் தங்கை வீட்டு முற்றத்தில் பாயைப் போட்டு, படத்தை விரித்து, திரும்பவும் அளக்கத் தொடங்கினேன். கணக்கில் எங்கோ பிழை, முழத்தில் பிழை என்றுதான் நினைத்தேன். நல்லரத்தினம் கொஞ்சம் தள்ளி மாமர நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். காற்றுக்குப் படம் பறந்தது. தேநீர் கொண்டுவந்த தங்கை கோப்பையை அதன் மூலையில் வைத்து அமர்த்தினாள்.

அதுவரை அவள் அந்தப் படத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. நான் முதல் நாள் காட்டியபோதே, கல்லைத்தான் கேட்டேன், கல்லின் படத்தை இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள். இப்போது குனிந்தபடியே நின்றாள். பிறகு மெல்லப் பாயில் இருந்தாள். குடத்தாளின் முகத்தை விரலால் தொட்டாள். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டப் பார்த்தாள். பார்த்தவளுக்குக் கோபம் வந்தது.

"இது என்ன அண்ணன், குடம் வலப்பக்கம் இரிக்கி?"

பழைய படம், அப்படித்தான் இருக்கும், உனக்கு மறந்திருக்கும் என்றேன்.

"மறக்கிறதா? பதினொரு வரிசம் இவக்கு மஞ்சள் பூசினனான். இடப்பக்கம்தான் குடம். வலக்கையாலதான் கிளையைப் பிடிச்சிருப்பா. நம்மட ஊரில ஆராவது குடத்தை வலப்பக்கம் இடுக்குவாளா? மறுகா எந்தக் கையால படலையைத் திறக்கிற?"

நான் குனிந்து குடத்தைப் பார்த்தேன். அவள் படத்தை விட்டு என்னைப் பார்த்தாள்.

"மகள்ர அப்பா தெற்கெண்டுதானே சொன்னவர்," என்றாள்.

படத்தை எடுத்தேன். எழுந்து, அதைப் பின்பக்கமாகத் திருப்பி, வெயிலுக்கு நேரே பிடித்தேன். காகிதத்தின் ஊடாகத் தூண்கள் தெரிந்தன. குடம் இடப்பக்கம் வந்தது. கிளை வலக்கைக்கு வந்தது. பாறை வலப்பக்கம் போக, புளியமரம் பாறைக்குத் தெற்கே வந்து நின்றது.

முப்பத்தொரு வருஷம் மெல்லிய தாளில் காணிப்படம் பிரதி பண்ணினவன் நான். தாள் மறுபக்கம் திரும்பினால் கிழக்கு மேற்காகிவிடும் என்று எத்தனை புதுப் பையன்களை ஏசியிருப்பேன். பிறகு ஹலீமிடம் போய்க் கேட்டபோது, அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டில்தான் படம் பிடிப்பார்கள், தட்டைப் புரட்டி வைத்து அச்செடுத்தால் இடம் வலமாகிவிடும், நீங்கள் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே ஐயா என்றார். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

மாமரத்தடியில் வலை பொத்தும் கை நின்றிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஏழு கிழமைச் சேற்றுக்கும் இருமலுக்கும் சேர்த்து என்னை நாலு வார்த்தை ஏசுவார், ஏசட்டும் என்று நின்றேன். அவர் ஏசவில்லை.

"எத்தினை முழம் மச்சான்?" என்று கேட்டார்.

அறுபது என்றேன்.

"அப்ப சரி," என்று எழும்பி இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினார். தங்கை அவரை மறித்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். இருமலுக்கு மல்லித்தண்ணியும் கொடுத்தாள். பதின்மூன்று வருஷத்தில் அவர் சாப்பிட்டு முடியும் வரை அவள் பக்கத்தில் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாறைக்குத் தெற்கே அறுபது முழத்தில் நீளமான கம்பு ஒன்றை நாட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டினோம். நல்லரத்தினம் தோணியைத் தள்ளினார். கம்பு மலைப்பிளவை மறைக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். நாற்பதாவது ஊன்றில் நிறுத்தி இறங்கினார். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. இரண்டு அடி அங்கே வைத்தார், மூன்று அடி இங்கே வைத்தார். மூழ்கினார், எழுந்தார். மறுபடியும் மூழ்கினார். நான் இந்த முறை வாய் திறக்கவில்லை.

பிறகு, கழுத்தளவு தண்ணீரில் நின்ற மனிதர் எங்கள் கண் முன்னாலேயே ஒரு முழம் உயர்ந்தார். நெஞ்சு தெரிந்தது. அப்படியே அசையாமல் நின்றுகொண்டு கரையைப் பார்த்துச் சிரித்தார். கல்லுக்கு மேலே ஏறி நிற்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஏழும் அங்கேதான் கிடந்தன, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. எடுத்து முடிக்க நாலு நாள் ஆனது. முன்பு பகிடி பண்ணினவர்கள் எல்லோரும் கயிறு பிடித்தார்கள். குடத்தாள் கடைசியாக வந்தாள். முகத்தில் பாசி, கழுத்தெல்லாம் ஊரிச் சிப்பி ஒட்டியிருந்தது, மூக்கு அப்படியே இருந்தது. குடம் இடப்பக்கம். தங்கை கரைக்கு ஓடி வந்து, சேலை நனைவதைப் பாராமல் தண்ணீருக்குள் இறங்கி, ஒவ்வோர் ஊரியாகச் சுரண்டி எடுத்தாள்.

ஆவணிப் பொங்கலுக்கு அக்கரையில் இருந்தும் சனம் வந்தது. நிழலுக்குப் புளியமரம் இல்லை, தறப்பாள் கட்டினோம். கற்களுக்கு முன்னால் இலட்சுமிப்பிள்ளை முதற்பானையை வைத்தாள். நல்லரத்தினம் குந்தியிருந்து விறகு தள்ளினார், ஒரு கண் வழமைபோலப் பானையில். பால் நுரைத்துச் சத்தம் போட்டு வழிந்தது.

வண்ணக்கர் குரலெடுத்துக் கேட்டார். "இது ஆர்ர பானை?"

தங்கை எங்கள் குடியின் பெயரைச் சொன்னாள். பறையடிக்கக் கை ஓங்கியவர்கள் ஓங்கியபடியே நின்றார்கள், ஏனென்றால் அவள் முடிக்கவில்லை.

"நல்லரத்தினம் தாழ்த்தி, நல்லரத்தினம் எடுத்துத் தந்த கல்லுக்கு வைச்ச பானை," என்றாள்.

கலியாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் வாயால் அந்தப் பெயர் வந்து நான் கேட்டதில்லை. எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள், அதுவும் குடிப்பெயர் மட்டும் சொல்லும் இடத்தில். வண்ணக்கர் கரையேறிய கற்களைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், பறை முழங்கியது. நல்லரத்தினம் கையில் விறகோடு திரும்பிப் பின்னால் பார்த்தார், அதே பெயரில் வேறு யாரோ வந்து நிற்பதுபோல.

சனம் கலைந்த பிறகு, குடத்தாளுக்குப் பக்கத்தில் இருந்து நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் இலையில் தங்கை மூன்றாம் முறையும் புக்கை போட்டுவிட்டுப் போனாள். அவர் அவள் போவதைப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"மச்சான், அவ என்ர பேரையா சொன்னவ?"

ஓம் என்றேன்.

"நீங்க காதால கேட்டீங்களா, இல்லாட்டிப் படத்தில பார்த்தீங்களா?"

காதால் கேட்டேன் என்றேன்.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, வேறு ஒரு கதையும் இல்லாமல் புக்கையைத் தின்னத் தொடங்கினார்.